விரைந்து சென்றாள், தங்கினாள்





மலை என்று சொன்னால் எங்கள் திருவண்ணாமலையில் வாழ்வோர்க்கு ஒரே மலைதான் நினைவுக்கு வரும். பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் தொலைவை வெறுங்காலால் நடந்து அம்மலையைச் சுற்றி வருவோர் இலட்சக்கணக்கினர். இரவெல்லாம் அவர்கள் நடக்கும் ஓசை என் அறை வரை கேட்கும். அவர்கள் நம்பிக்கை வேறு, நம் நம்பிக்கை வேறு. ஆயினும் அவர்களிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஒருமுறை சுற்றிவிட்டு, 'கடமை முடிந்தது' என்று அவர்கள் இருந்துவிடுவதில்லை. அடுத்த பௌர்ணமிக்கு மீண்டும் வருகிறார்கள்.

மீண்டும் வருதல். மாதாவின் வணக்க மாதமாகிய இந்த மே மாதத்தில் அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். இது போதனை அன்று. ஒரு குருவானவரின் பாவ அறிக்கை என்றே கொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்கு வடமேற்கே ஜவ்வாது மலை இருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடப்பது. செய்யாறு பிறப்பது அங்கேதான். அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரள நாட்டார் என்று மயங்கவேண்டாம். மலையில் வாழ்வோர் என்பதே பொருள். அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தவர் என்று அவர்கள் கதை சொல்வர். சாமையும் கேழ்வரகும் விளைவிப்பர். தேனும் புளியும் சேகரித்துச் சந்தைக்குக் கொண்டுவருவர். அதே மலைத்தொடரில் காவலூர் என்னும் இடத்தில் வானாய்வு நிலையம் ஒன்று இருக்கிறது. 1986ஆம் ஆண்டு சனவரியில் அங்கே 2.34 மீட்டர் குறுக்களவுள்ள பெரிய தொலைநோக்கி தொடங்கிவைக்கப்பட்டது. எண்ணிப் பார்க்கவியலாத தொலைவில் உள்ள விண்மீனைக் காணும் கண் அம்மலையில் உண்டு. இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் மலைச் சிற்றூரைக் காணும் கண்தான் நமக்கு இல்லை.

எனக்கும் இல்லாதிருந்தது. 2013ஆம் ஆண்டு நான் இம்மாவட்டத்தில் வேறொரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த மறு சனிக்கிழமை இளைஞர் மன்றத்தார் ஒரு திட்டத்தோடு வந்தார்கள். "சாமி, மலைக்குப் போய் ஏழைகளுக்குத் துணி கொடுத்துவிட்டு வருவோம்" என்றார்கள். நானும் மகிழ்ந்தேன். வீடு வீடாகப் பழைய துணி சேர்த்தோம். பிஸ்கட்டும் கேக்கும் வாங்கினோம். இரண்டு வேன்களில் போளூர் வழியாக மலையேறினோம். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் வேன் செல்ல இயலாத இடத்தில் இறங்கி, பெட்டிகளைத் தலையில் சுமந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடந்தோம். பாடிக்கொண்டே நடந்தோம். நாங்கள் ஏதோ பெரிய தொண்டர்கள் என்ற எண்ணம் எங்களுக்கு.

ஊருக்குள் சென்றதும் முதல் வேலையாக இளைஞர்கள் இரண்டு மரங்களுக்கிடையே பதாகை ஒன்றைக் கட்டினார்கள். மக்களை வரிசையில் நிறுத்தித் துணிகளைக் கொடுத்தோம். ஒவ்வொன்றையும் படம் எடுத்தோம். ஒரு பெட்டியில் பித்தான் இல்லாத சட்டைகள் இருந்தன. இன்னொன்றில் சோடியில்லாத காலுறை ஒன்று கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தை விழித்த விழிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. எல்லாம் முடிந்தபின் ஒரு மூதாட்டி என்னிடம் வந்தார்.

"போட்டோ எல்லாம் எடுத்தாச்சா, சாமி?" என்று கேட்டார்.

"ஆயிற்று, ஆயா" என்றேன்.

"அப்போ சாப்பிட வாங்க. இத்தனை தூரம் நடந்து வந்திருக்கீங்க. வெறும் வயித்தோட அனுப்புவோமா?"

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் எங்கள் முப்பது பேருக்கும் ஆக்கி வைத்திருந்தார்கள். கொடுக்கப் போனவர்கள் நாங்கள். உண்டு வந்தவர்களும் நாங்களே.

திரும்பும்போது எங்கள் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஒரு சிறுவன் வேன் வரை வந்தான். அரசு உறைவிடப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிப்பவன், விடுமுறைக்கு வந்திருந்தான். வழி நெடுக அவன் அதிகம் பேசவில்லை. வேன் புறப்படும் நேரத்தில் என் அருகே வந்து, "சாமி, கணக்குக்கு ஒரு கைடு கிடைக்குமா? மார்ச்சில பரீட்சை" என்றான். "அடுத்த வாரமே அனுப்புகிறேன், தம்பி. நானே கொண்டுவந்து தருகிறேன்" என்றேன். "எப்போ வருவீங்க?" என்றான். "சீக்கிரம்" என்றேன்.

அன்பர்களே, நான் பொய் சொல்லவில்லை. சொன்ன நேரத்தில் அதை உண்மையாகவே நினைத்தேன். ஆனால் அடுத்த வாரம் ஒரு திருமணம், அதற்கடுத்த வாரம் பங்குப் பேரவைக் கூட்டம், பிறகு தவக்காலம், பிறகு கோடை. கணக்குக் கைடு என் மேசைமேல் இருந்தது. வாங்கியிருந்தேன், அனுப்பவில்லை. அதன்மேல் பிற தாள்கள் வந்து சேர்ந்தன. எங்கள் மலைப் பயணத்தின் படங்களோ ஆலய முகப்பில் ஆறு மாதம் தொங்கின.

2015ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாளை இம்மாவட்டத்தார் மறக்க இயலாது. ஆந்திர மாநிலத்துச் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டச் சென்றவர்கள் என்று சொல்லி இருபது தமிழகத் தொழிலாளர்களைக் காவல்துறையினர் சுட்டுக் கொன்றனர். இறந்தோரில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தவர். மலை மக்களும் அவர்களுள் இருந்தனர். செய்தித்தாளை விரித்தபோது என் கை நடுங்கியது. பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்தச் சிறுவனின் பெயரே எனக்குத் தெரியாது. 'தம்பி' என்று அழைத்தேன், பெயரைக் கேட்கவில்லை.

அந்த வாரமே தனியாக மலையேறினேன். பதாகையும் இல்லை, பெட்டியும் இல்லை. பதினாறு மாதம் பழையதாகிவிட்ட கணக்குக் கைடு மட்டும் கையில் இருந்தது. அவன் இறந்தோரில் இல்லை. இறைவனுக்கு நன்றி. ஆனால் ஊரிலும் இல்லை. கணக்கில் தேறவில்லையாம், பள்ளியை விட்டுவிட்டானாம். "வேலைக்குப் போயிருக்கிறான்" என்றார் அவன் தாய். எங்கே என்று அவர் சொல்லவில்லை. அந்த நாள்களில் அம்மலையில் எங்கே என்று சொல்லாத வேலைக்கு ஒரே பொருள்தான். மரம் வெட்டும் கைத்திறன் உடையவர்களைத் தேடித் தரகர்கள் மலையேறி வருவார்கள், முன்பணம் கொடுப்பார்கள், இரவோடிரவாக அழைத்துச் செல்வார்கள். சிக்குவோர் கூலிகள், தப்புவோர் தரகர்கள். 2013ஆம் ஆண்டு இறுதியில் சேஷாசலத்தில் வனத்துறை அலுவலர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் நூற்றுக்கணக்கான தமிழகத் தொழிலாளர்கள் கைதானார்கள். அவ்வழக்கில் சிறையில் இருந்தோரைக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று திருப்பதி நீதிமன்றம் 2016இல் விடுவித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் இழந்த வாழ்வை யார் திருப்பித் தருவார்?

அந்தத் தாய் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "நீங்க வருவீங்கன்னு பரீட்சை வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தான், சாமி" என்றார். அவ்வளவே.

தரகன் சொன்ன நாளில் வந்தான். குருவானவன் வரவில்லை. ஒரு கைடு இருந்திருந்தால் அவன் தேறியிருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. அது எனக்கும் தெரியாது. ஆனால் அவனுக்கு வாக்குக் கொடுத்த இருவரில் ஒருவன்தான் வாக்கைக் காத்தான் என்பது எனக்குத் தெரியும்.

இம்மாதம் 31ஆம் நாள், கன்னி மரியாள் எலிசபெத்தம்மாளைச் சந்தித்த திருநாளைக் கொண்டாடுகிறோம். லூக்காஸ் நற்செய்தியின் முதல் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். மரியாள் யூதேயாவின் மலைநாட்டுக்கு விரைந்து சென்றாள் என்று இருக்கிறது. நற்செய்தியை ஏந்திக்கொண்டு மலையேறிய முதல் பயணம் அதுவே என்று சொல்லலாம். குருமடத்தில் படித்த காலத்திலும் பின்னரும் இப்பகுதியை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். 'விரைந்து' என்ற சொல்லைத்தான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். அன்று மலையிலிருந்து இறங்கியபின் படித்தபோதுதான், சில வசனங்கள் தள்ளி இருக்கும் மற்றொரு சொல் கண்ணில் பட்டது. ஏறக்குறைய மூன்று மாதம் அவள் அங்கே தங்கினாள்.

மரியாள் கையில் என்ன கொண்டுசென்றாள் என்று நற்செய்தியாளர் எழுதவில்லை. எத்தனை நாள் தங்கினாள் என்பதை எழுதியிருக்கிறார். எலிசபெத்தம்மாளுக்கு அது ஆறாம் மாதம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். வயதான காலத்தில் கருவுற்ற ஒரு பெண்ணுக்குத் துணை மிகவும் தேவைப்படும் மாதங்கள் எவையோ, அவையே மரியாள் தங்கிய மாதங்கள்.

நாமோ விரைகிறோம், தங்குவதில்லை.

திருச்சபையின் வரலாற்றிலும் இந்த இரண்டு வகையையும் காணலாம். 1603ஆம் ஆண்டு கள்ளிக்கோட்டையில் பணியாற்றிய ஃபெனிசியோ என்னும் இயேசு சபைக் குரு நீலமலைக்கு ஏறிச் சென்றார். அந்த மலைமேல் பழங்காலக் கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்று ஒரு செய்தி உலவியது. அவர்களைத் தேடியே சென்றார். பாதையில்லாத காட்டில் பெரும்பாடு பட்டு ஏறிய அவர் கண்டது எருமை மேய்த்து வாழும் தொதவ மக்களை. தேடிப் போனது கிடைக்கவில்லை. கண்டவற்றை மேலதிகாரிக்கு மடலாக எழுதினார். நீலமலை மக்களைப் பற்றி ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் விவரம் என்று அம்மடலை இன்று அறிஞர் போற்றுகின்றனர். ஆனால் அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அம்மலையில் நிலையான மறைப்பணி ஏதும் அமையவில்லை. பயணம் ஏட்டில் நின்றது; வீட்டில் நிற்கவில்லை. அவரைக் குறை கூற எனக்கு என்ன தகுதி? அவர் நடந்த தூரத்தில் பத்தில் ஒரு பங்கும் நான் நடக்கவில்லை.

மற்றொரு வகையும் உண்டு. 1885இல் பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குருவாகிய கான்ஸ்டன்ட் லீவன்ஸ் சோட்டா நாகபுரிக்குச் சென்றார். அங்குள்ள முண்டா மக்கள் நிலக்கிழாரிடம் தம் நிலத்தை இழந்து தவித்தனர். அவர் நிலச் சட்டத்தைக் கற்றார். அம்மக்களின் வழக்காறுகளைக் கற்றார். நீதிமன்றத்தில் அவர்களுக்குத் துணை நின்றார். உடல் நலிந்து தாயகம் சென்று 1893இல் காசநோயால் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஹாஃப்மன் அடிகளார் அம்மக்களின் மொழியிலேயே ஊறி, அவர்களுடைய நில உரிமையைக் காக்கும் 1908ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டம் உருவாவதில் பெரும்பங்கு கொண்டார். தங்கியவர்க்கே இது இயன்றது. ஒரு நாள் வந்து போனவர்க்கு, நிலம் யாருடையது என்று கேட்கவே தோன்றியிராது.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் சேத்துப்பட்டு லூர்து மாதா ஆலயத்தை எழுப்பிய தரஸ் அடிகளாரைப் பாருங்கள். பிரான்சிலிருந்து வந்தவர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய கொடும் பஞ்சத்தையும் இம்மக்களோடு கண்டார். பஞ்சம் தீர்ந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை. இம்மண்ணிலேயே முதிர்ந்து, இம்மண்ணிலேயே மறைந்தார்.

மலையிலிருந்து இறங்கிய அடுத்த ஞாயிறு, பூசையில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "எனக்குத் துணி வேண்டாம், பணம் வேண்டாம். மாதம் ஒரு நாள் தரக்கூடியவர்கள் வேண்டும்" என்றேன். பதாகை கட்டிய முப்பது பேரில் நால்வர் வந்தனர். ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர் வந்தனர். ஒருவர் கணக்கு, மற்றவர் ஆங்கிலம். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மலையேறுவது என்று முடிவாயிற்று. முதல் மூன்று மாதம் பிள்ளைகள் எவரும் வரவில்லை. ஆசிரியர்கள் இருவரும் புளிய மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்கள். நான்காம் மாதம் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். "நீங்க மறுபடியும் வருவீங்களான்னுதான் பாத்துக்கிட்டிருந்தோம்" என்று ஊர்ப் பெரியவர் பின்னர் சொன்னாராம். அவர்கள் எங்களுக்கு வைத்த தேர்வு அது.

ஆண்டுகள் சென்றன. 2019இல் என்னை இந்தத் திருவண்ணாமலைப் பங்குக்கு மாற்றினார்கள். குருவானவர் மாறுவார், அது எங்கள் வாழ்க்கை. ஆனால் அந்த ஆசிரியர்கள் மாறவில்லை. ஒருவருக்கு முழங்கால் வலி வந்தது, கோலூன்றிக்கொண்டு ஏறினார். தங்குவது குருவானவரைவிடப் பொதுநிலையினர்க்கே எளிது என்பதை அவர்களிடம்தான் கற்றேன்.

இந்தப் பணியைப் பற்றி என்னிடம் இருவர் கேள்வி கேட்டார்கள். பங்குப் பேரவையில் ஒரு பெரியவர், "இத்தனை ஆண்டு போகிறீர்களே சாமி, எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்?" என்று ஆவலோடு கேட்டார். தேரடி வீதியில் கடை வைத்திருக்கும் என் நண்பர், அவர் சைவர், "மலைக்குப் போகிறீர்களாமே, எத்தனை பேரை மாற்றினீர்கள்?" என்று ஐயத்தோடு கேட்டார். ஒருவர்க்கு ஆவல், மற்றவர்க்கு ஐயம். கேள்வி மட்டும் ஒன்றே: எத்தனை பேர்?

இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். "எனக்குத் தெரிந்து மாறியவர் ஒருவர்தான். அது நான்."

நண்பர் சிரித்தார். பேரவைப் பெரியவர் சிரிக்கவில்லை. நற்செய்தியை மறைத்துவைக்க வேண்டும் என்று நான் சொல்வதாக அவர் எண்ணினார். அப்படியன்று. நான் யார், யாரை நம்புகிறேன் என்பதை மலை மக்கள் அறிவார்கள். கேட்பவர்க்குச் சொல்கிறேன். ஆனால் பித்தான் இல்லாத சட்டையைக் கையில் கொடுத்து அன்பின் ஆண்டவரைப் பற்றிப் பேசினால் யார் நம்புவார்? சொன்ன நாளில் வராதவன், 'உலகம் முடியும் வரை உங்களோடு இருப்பேன்' என்றவரைப் பற்றி எப்படிப் பேசுவான்?

2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நாடே ஒரு செய்தியைக் கொண்டாடியது. ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் இருபத்து மூன்று வயதுப் பெண், உரிமையியல் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்றார். மகப்பேறு முடிந்த சில நாள்களிலேயே சென்னைக்குச் சென்று தேர்வெழுதியவர். மலை மக்களிடம் திறமை இல்லை என்று எண்ணுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும். அங்கே இல்லாதது அறிவு அன்று. உடன் நிற்க ஓர் ஆள். அதுதான் பல வீடுகளில் இல்லை.

அந்தச் சிறுவன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். பதினொரு மாதம் கழித்து ஊர் திரும்பினான். எங்கே இருந்தான் என்று நான் கேட்கவில்லை, பெயரைத்தான் கேட்டேன். இப்போது தன் தந்தையின் நிலத்தில் சாமை பயிரிடுகிறான். மணமாகிவிட்டது. கணக்குத் தேர்வை அவன் மீண்டும் எழுதவில்லை. எல்லாக் கதையும் நாம் விரும்புகிறபடி முடிவதில்லை.

ஆனால் 2020ஆம் ஆண்டு, பெருந்தொற்றின்போது எல்லா வழிகளும் அடைபட்டு, மாதக்கணக்கில் எவரும் மலையேற இயலாதிருந்தது. எங்கள் பங்கில் கூலி வேலை செய்வோர் பலர் பட்டினி கிடந்தனர். ஊரடங்கு சற்றுத் தளர்ந்த ஒரு நாள் காலை, புளி ஏற்றிவந்த வண்டி ஒன்று ஆலய வாயிலில் நின்றது. ஓட்டுநர் இரண்டு மூட்டைச் சாமையை இறக்கிவைத்தார். "மலையில இருந்து குடுத்துவிட்டாங்க, சாமி. இந்த மாசம் நீங்க வரமுடியாதாம், அதனால அவங்களே வந்ததா வெச்சிக்கச் சொன்னாங்க" என்றார். அனுப்பியவன் யார் என்று கேட்டேன். இம்முறை பெயர் தெரிந்த பெயராக இருந்தது.

அன்புமிகு பெற்றோரே, இம்மாதம் தேர்வு முடிவுகள் வெளியாகும். உங்கள் பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பார்த்து முடித்தபின், உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் குடும்பத்தில், தேறாத பிள்ளை யாரேனும் இருக்கிறதா என்று பாருங்கள். மலையேற வேண்டியதில்லை. அந்த வீட்டுப் படி ஏறுங்கள். பழைய துணி கொண்டுபோகாதீர்கள். பெயரைக் கேளுங்கள். உட்காருங்கள், தருவதை உண்ணுங்கள். புறப்படும்போது, "மறுபடி எப்போது வருவீர்கள்?" என்று அவர்கள் கேட்டால், 'சீக்கிரம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாளைக் குறித்துச் சொல்லுங்கள். அந்த நாளில் போய் நில்லுங்கள்.

மலைநாட்டுக்கு விரைந்து சென்று, அங்கே தங்கிய அன்னை உங்கள் இல்லங்களிலும் தங்குவாளாக.

அடுத்த திங்கள் சந்திப்போம்.